மும்பாயில் என் கடைக் கணக்கு

நெல்லியடியில் எனக்குச் சிறியதொரு புடைவைக் கடை உண்டு. கடன் கொப்பியோடு தொடங்கிய கடை. பின்னர் ஒரு கணினி வாங்கிக் கணக்கை அதில் ஏற்றினேன். ஒரு மாரியில் கூரை ஒழுகிக் கணினி பழுதாயிற்று. மூன்று வருடக் கணக்கும் அதோடு போயிற்று. யார் எவ்வளவு தரவேண்டும் என்று தெரியாமல் நான் பட்ட பாட்டை என்னென்று சொல்ல!

அதன் பிறகுதான் மாதக் கட்டணத்துக்கு ஒரு மென்பொருளை எடுத்தேன். கணக்கு இனிக் கடையில் இராது, 'கிளவுட்'டில் இருக்கும் என்றார்கள். முகில் என்றதும் ஆகாயத்தைப் பார்க்காதீர்கள், சகோதரிகளே. பொருத்த வந்த தம்பியிடம் கேட்டேன். "அக்கா, உங்கட கணக்கு மும்பாயில இருக்கு" என்றார்.

கணினிகளை வாடகைக்கு விடும் பெரும் நிலையங்களை அமேசன் நிறுவனம் 2010இல் சிங்கப்பூரிலும் 2016இல் மும்பாயிலும் திறந்தது. இலங்கையில் அதற்கு அப்படியொரு நிலையம் இல்லை. எங்களுக்கு மென்பொருள் தருபவர்கள் இத்தகைய இடங்களில் வாடகைக்கு இருப்பவர்களே. நான் சீலையின் பார்கோட்டைக் கருவியில் காட்டியதும் கேள்வி கொழும்புக்குப் போய், கடலடிக் கம்பி வழியே மும்பாய் சென்று, விலையோடு திரும்புகிறது. கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடுவதால் தூரம் தெரிவதில்லை. ஒரு பற்றுச்சீட்டுக்கு இருபது தடவை போய்வரும்படி மென்பொருளை எழுதியிருந்தால் தெரியும்! மும்பாயில் ஒன்றுக்கொன்று தள்ளி மூன்று தொகுதிகள் உள்ளன. ஒன்று நின்றால் மற்றது தாங்கும். மென்பொருள்காரர் அதற்கும் சேர்த்து வாடகை கட்டியிருந்தால்தான்.

2022 மார்ச் 31ஆம் திகதி நாட்டில் 13 மணிநேர மின்வெட்டு. மும்பாயில் ஒரு குறையும் இல்லை. இங்கே முதலில் கடையின் மின்கலம் ஓய்ந்தது, பிறகு தொலைபேசிக் கோபுரமும் ஓய்ந்தது. வருடப்பிறப்பு வியாபார நேரம். தவணைக் காசு கட்ட வந்த ஒரு அம்மாவுக்கு மிச்சம் எவ்வளவென்று என்னால் பார்க்க முடியவில்லை. "நாலாயிரத்து ஐந்நூறு, பிள்ளை" என்றார். நம்பி வாங்கினேன். இரவு இணைப்பு வந்ததும் பார்த்தேன்: சதம் பிசகவில்லை.

அடுத்த இடி கட்டணத்தில் விழுந்தது. மென்பொருள்காரர் தன் வாடகையை டொலரில் கட்டுகிறார். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. என் மாதக் கட்டணமும் ஏறியது.

இருந்தும் நான் விட்டுவிடவில்லை. கூரை ஒழுகினாலும் கணக்கு தப்புகிறதே! ஆனால் இணைப்பு இல்லாத வேளையிலும் பற்றுச்சீட்டுப் போட்டு, வந்ததும் தானாக அனுப்பும் வசதியைக் கேட்டு வாங்கினேன். நீங்களும் ஒப்பமிடுமுன் அதைக் கேளுங்கள். விலகும் நாளில் கணக்கை முழுதாகத் தருவார்களா என்றும் கேளுங்கள்.

சனிக்கிழமைகளில் கடன் பட்டியலை அச்செடுத்துப் பழைய கொப்பிக்குள் வைக்கிறேன். அந்தத் தம்பி பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும்.