மன்னிப்புக் கேட்க ஒரு மாதம்

சிங்கப்பூரின் வாட்டர்லூ தெருவில் உள்ள ஸ்ரீ கிருஷ்ணன் ஆலயத்திற்குச் செல்பவர்கள், அதே தெருவில் இருக்கும் மகேன் அபோத் என்னும் யூத ஜெப ஆலயத்தைப் பார்த்திருக்கக்கூடும். 1878ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பழைமையான ஆலயம் அது. பாக்தாத் வழிவந்த யூதர்கள் இங்கு வணிகம் செய்ய வந்து குடியேறிய காலத்தின் அடையாளமாக அது இன்றும் நிற்கிறது.

யூதர்களின் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவும், அதன் பத்தாம் நாளில் வரும் யோம் கிப்பூர் என்ற பாவமன்னிப்பு நாளும் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வருகின்றன. ஆண்டின் மிகப் புனிதமான நாள்கள் இவை. இவற்றுக்கான ஆயத்தமோ ஒரு மாதம் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது.

விழிக்க வைக்கும் ஓசை

அந்த ஆயத்த மாதத்தின் பெயர் எலுல். இதற்கு 29 நாள்கள். பொன் கன்றுக்குட்டியை வணங்கிய மக்களுக்காக மோசே மீண்டும் சீனாய் மலைக்கு ஏறிச் சென்று, 40 நாள்கள் மன்றாடிய காலம் இது என்பது யூதர்களின் நம்பிக்கை. எலுல் பிறப்பில் ஏறியவர், யோம் கிப்பூர் அன்று மன்னிப்போடு இறங்கி வந்தார் என்பார்கள்.

ஐரோப்பிய வழியைப் பின்பற்றும் யூதர்கள், எலுல் மாதத்தில் ஓய்வுநாள் தவிர மற்றக் காலை வேளைகளில் ஷோபார் எனப்படும் ஆட்டுக்கடாக் கொம்பை ஊதுகிறார்கள். தூங்கிக் கிடக்கும் மனத்தைத் தட்டி எழுப்பும் ஓசை இது என்று 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் விளக்கம் தந்தார். பாக்தாத் யூதர்கள் உள்ளிட்ட கீழை மரபினர், மாதம் முழுவதும் விடியலுக்கு முன்பே எழுந்து செலிஹோத் என்ற மன்னிப்பு வேண்டல்களை ஓதுவார்கள்.

திரும்பி வருதல்

மனந்திரும்புதலை எபிரேய மொழியில் தெஷுவா என்பார்கள். திரும்பி வருதல் என்பதே அச்சொல்லின் பொருள். வழி தவறியவன் வீடு திரும்புவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். தவற்றைக் கைவிட வேண்டும்; அதற்காக வருந்த வேண்டும்; இனிச் செய்வதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும்; அதை வாய்திறந்து சொல்லவும் வேண்டும்.

இங்கேதான் ஒரு கடுமையான விதி குறுக்கிடுகிறது. ஏறத்தாழ கி.பி. 200ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்ட நூல், பாவங்களை இரண்டாகப் பிரிக்கிறது. கடவுளுக்கு எதிராகச் செய்ததை யோம் கிப்பூர் போக்கும். சக மனிதருக்குச் செய்த தீங்கை, அவரைச் சமாதானப்படுத்தும் வரை அந்தப் புனித நாளாலும் போக்க முடியாது.

எடை குறைத்து விற்ற வியாபாரி, நாள் முழுவதும் பட்டினி கிடந்தாலும் போதாது. ஏமாற்றிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அதன் பிறகும் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒருவரைச் சொல்லால் மட்டுமே புண்படுத்தியிருந்தாலும் நேரில் போய்த்தான் ஆக வேண்டும்.

மன்னிக்க மறுத்தால்?

மைமோனிடிஸ் இதற்கும் வழி சொல்கிறார். முதல் முறை மறுத்தால் மூன்று நண்பர்களை அழைத்துக்கொண்டு போக வேண்டும். இப்படி மூன்று முறை முயன்றும் அவர் இறங்கி வரவில்லை என்றால், கேட்டவர் மீது குற்றமில்லை, மறுத்தவரே பாவியாகிறார். ஆனால் புண்பட்டவர் தம் ஆசிரியராக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அவர் மன்னிக்கும் வரை எத்தனை முறையானாலும் போக வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டால்? பத்துப் பேரை அழைத்துச் சென்று, கல்லறையின் முன் நின்று தம் தவற்றைச் சொல்ல வேண்டும். தள்ளிப்போட்டவருக்குக் கிடைப்பது அந்த மௌனம்தான். உயிரோடு இருக்கும்போதே போய்க் கேட்டுவிட வேண்டும் என்று எலுல் மாதம் அவசரப்படுத்துவது இதனால்தான்.

கைத்தொலைபேசியில் எல்லாருக்கும் ஒரே குறுஞ்செய்தியை அனுப்பி, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுக்கும்படி கேட்பது இன்று எளிது. நண்பர்கள் உடனே பதில் அனுப்பிவிடுவார்கள். பல ஆண்டுகளாகப் பேசாமல் இருக்கும் அண்ணனுக்கோ, கடனைத் திருப்பித் தராததால் மனம் கசந்த பங்காளிக்கோ அந்தச் செய்தி போதுமா? அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவதுதான் இம்மாதத்தின் உண்மையான நோன்பு.

உண்மையான சோதனை

யோம் கிப்பூர் அன்று சுமார் 25 மணி நேரம் யூதர்கள் உண்பதில்லை, தண்ணீரும் பருகுவதில்லை. தோல் காலணி அணிவதில்லை. அன்றைய பாவ அறிக்கையில் ‘நான்’ என்று சொல்லாமல் ‘நாங்கள் பாவம் செய்தோம்’ என்று அனைவரும் சேர்ந்து சொல்வார்கள். தனி ஒருவரின் வெட்கத்தை முழுச் சபையும் பங்கிட்டுக்கொள்கிறது.

மனந்திரும்புதல் முழுமை பெற்றதை எப்படி அறிவது? அதே தவற்றைச் செய்ய அதே வாய்ப்பு மீண்டும் வரும்போது, அதற்கான வலிமை இருந்தும் செய்யாமல் விலகுகிறானே, அவனே திருந்தியவன் என்கிறார் மைமோனிடிஸ். அந்தச் சோதனை விரத நாளில் வருவதில்லை. விரதம் முடிந்து, கடை திறந்து, தராசைக் கையில் எடுக்கும்போதுதான் வருகிறது.