கொல்லாமையின் மறுபாதி

ராகலையில் ஒருநாள், திருக்குறளின் 33ஆம் அதிகாரமாகிய கொல்லாமையைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, பெட்டைக் குட்டிகளைச் சாக்கிற் கட்டிச் சந்தையில் விட்டுவருவது கொலையா, இல்லையா?" என்று வினவினான். லயத்தில் வளரும் பிள்ளைக்கு இது ஏட்டில் எழுந்த ஐயமன்று. நான் விடை கூறாது பாடத்தைத் தொடர்ந்தேன். முந்திய மாரியில் அச்செயலைச் செய்தவன் நானே என்பதை அவன் அறியான்.

நாய்க்கு ஞாளி, ஞமலி, சுணங்கன் எனத் தமிழிற் பெயர்கள் பல. ஞமலி என்பது பூழிநாட்டு வழக்கு என்பர் நன்னூல் உரைகாரர். பைரவருக்கு நாயே ஊர்தி. தன்னைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புகேன் என்று நின்ற தருமனின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கின்றோம். சொல்லளவில் இத்துணை அருளுடைய நாம், செயலில் யாது செய்தோம்?

இலங்கையில் 1893ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடிச் சட்டம், கட்டின்றித் திரியும் நாய்களைப் பிடித்து அழிக்க இடந்தந்தது. நெடுங்காலம் அவ்வழியே நடந்தும், 1973இல் அந்நோயால் இந்நாட்டில் 377 பேர் மாண்டனர். சென்னையிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் நாய்களைக் கொன்று வந்தனர்; தொகை குறையவில்லை. 1996இல் அந்நகரம் கருத்தடை முறைக்கு மாறிற்று. 1910இல் கொன்சுதாந்திநோபிள் நகரின் நாய்கள் பல்லாயிரம் மர்மராக் கடலிலுள்ள ஒரு வறண்ட தீவில் விடப்பட்டன. அவை பசியாலும் தாகத்தாலும் மடிந்தன. ஆயினும் அது நாயற்ற நகரமாகிவிடவில்லை.

காரணம் யாது? உணவுள்ள இடம் வெறிதே கிடப்பதில்லை. கொல்லப்பட்ட நாயின் இடத்திற்கு அயலிலிருந்து வேறொன்று வரும். எஞ்சியவற்றின் குட்டிகள் முன்னினும் மிகுதியாகப் பிழைக்கும். தடுப்பூசி பெற்ற நாயைக் கொன்றால், ஊசியிடப்படாத நாய்க்கு வழிவிட்டவர் ஆவோம்.

2006இல் நம் அரசு நாய்களைக் கொல்லாமையைக் கொள்கையாக ஏற்றது. இன்று விசர்நாய்க்கடியால் இறப்போர் தொகை ஆண்டுக்குச் சில பத்துகளாகக் குறைந்துள்ளது. ஆனால், கொல்லாமல் விட்டதனால் மட்டும் வந்த பயனன்று இது. நாய்களுக்கும், கடியுண்ட மனிதருக்கும் பல்லாண்டுகளாக இடப்பட்ட ஊசியின் பயன். நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி இட்டால் நோய்த் தொடர் அறும் என்பது மருத்துவ அறிஞர் கணிப்பு.

தோட்டத்து நாய்க்குத் தனியொருவர் உரியவரல்லர்; லயமே உரியது. சோறிடப் பலர் உளர். ஊசிக்குக் கொண்டுசெல்ல ஒருவருமிலர். நாய் ஆண்டுக்கு இருமுறை வரை ஈனக்கூடும். பூனையோ பிறந்த ஐந்தாறு திங்களிலேயே சூல்கொள்ளும்; நோயுற்ற பூனையின் கடியும் உயிருக்கு உலைவைப்பதே. போதாக்குறைக்கு, நாயை நாடிச் சிறுத்தையும் லயத்தருகே வருகின்றது.

கடியுண்டால் மந்திரிப்போரை நாடற்க. சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்க. நோய்க்குறி தோன்றியபின் பிழைத்தவர் மிக அரியர். தோன்றுமுன் காக்கும் வழியை 1885இலேயே லூயி பாஸ்டர் காட்டிவிட்டார்.

மறுவாரம் அம்மாணவனை அழைத்தேன். "கொலைதான் தம்பி. கண்காணாத இடத்தில் பசியைக் கொண்டு செய்விக்கும் கொலை. நானும் செய்திருக்கிறேன்" என்றேன். அவன் தலைகுனிந்தான். அவன் வீட்டிலும் அதுவே நடந்ததென்று அப்போது உணர்ந்தேன்.

அடுத்த விடுமுறையில் நாங்கள் இருவரும் எங்கள் வீட்டுத் தாய்நாயைக் கால்நடை வைத்தியரிடம் கொண்டுசென்று கருத்தடை செய்வித்தோம், தடுப்பூசியும் இடுவித்தோம். கொல்லாதிருத்தல் அறத்தின் ஒரு பாதி. பிறந்து பட்டினியால் மடியாதபடி முன்னரே காத்தல் மறுபாதி. முதற்பாதிக்கு மனம் போதும். மறுபாதிக்கு ஒரு நாள் உழைப்பும் வேண்டும்.