மனநோய் மாத்திரையை நிறுத்தலாமா? ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

மனச்சிதைவு நோய்க்கு ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர்களைவிட, அதை விட்டவர்களே நலமாக இருக்கிறார்கள் என்று ஒரு செய்தி அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. வீட்டில் தினமும் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் தாய்க்கோ மனைவிக்கோ அதைப் படித்ததும் கை நடுங்கும். ஆகவே சற்று நிதானமாகப் பார்ப்போம்.

சிகாகோவில் மார்ட்டின் ஹாரோ நோயாளிகளை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். மாத்திரை இல்லாதவர்கள் நல்ல நிலையில் இருந்தது உண்மைதான். ஆனால் யார் நிறுத்த வேண்டும் என்பதை ஆய்வாளர் தீர்மானிக்கவில்லை. நோய் லேசாக இருந்தவர்களே விட்டிருக்கலாம் அல்லவா? ஊன்றுகோலுடன் நடப்பவர் மெதுவாக நடக்கிறார் என்பதற்காக, அதைப் பிடுங்கினால் ஓடுவாரா?

நெதர்லாந்து ஆய்வு இன்னும் வலுவானது. முதல்முறை நோய் வந்து குணமானவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். மாத்திரையைக் குறைத்த அல்லது நிறுத்திய பிரிவில் 43 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 21 சதவீதம். அத்துடன் முடிந்திருந்தால் விஷயம் எளிது. 7 ஆண்டுகள் கழித்து 103 பேரைப் பார்த்தபோது, குறைத்த பிரிவில் 40 சதவீதத்தினரும் தொடர்ந்த பிரிவில் 18 சதவீதத்தினரும் முழுமையாக மீண்டிருந்தார்கள். ஆனால் குறைத்த பிரிவில் பலர் மருந்தை அடியோடு விடவில்லை. குறைந்த அளவில் எடுத்து வந்தார்கள். செய்தித் தலைப்புகளில் இது காணாமல் போய்விடுகிறது.

ஹாங்காங்கில் 178 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு நேர்மாறானது. ஓராண்டு வெற்று மாத்திரை பெற்றவர்களில் 39 சதவீதத்தினர் 10 ஆண்டுகளுக்குப் பிறகு மோசமான நிலையில் இருந்தார்கள். மருந்தைத் தொடர்ந்தவர்களில் அது 21 சதவீதம்.

மருந்துக்குச் சாதகமான ஆய்வையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். பின்லாந்தில் 62,250 பேரின் பதிவுகளில், மருந்து எடுத்த காலத்தில் இறப்பு குறைவாக இருந்தது. ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவர் மற்ற விஷயங்களிலும் உடலைப் பேணுபவராக இருக்கலாம்.

உடல் எடை கூடுவது, சர்க்கரை நோய், வாயும் நாக்கும் தானாக அசைவது போன்ற பக்கவிளைவுகள் கற்பனையல்ல. நோயாளி அவற்றைச் சொன்னால் 'சாக்குப்போக்கு' என்று நாம் தள்ளிவிடக் கூடாது. மருத்துவரிடம் 'நிறுத்தட்டுமா?' என்பதைவிட, 'அளவைக் குறைக்க முடியுமா, எத்தனை மாதங்களில், நோய் திரும்பும் அறிகுறி என்ன, அப்போது யாரை அழைப்பது?' என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை இன்றைய மாத்திரையை வழக்கம்போலக் கொடுங்கள்.