உஷார்! கோப்பை கொடுக்க வருகிறவர் மேல் என்ன வழக்கு?

கபடிக் கமிட்டி அண்ணாச்சிமார்களே, வாலிபால் கிளப் செயலாளர்களே, கொடை விழாவுக்கு வசூல் நோட்டோடு கிளம்பிவிட்ட தம்பிமார்களே, ஒரு நிமிஷம் நில்லுங்கள். இந்த வருஷம் உங்கள் மேடையில் நின்று கோப்பை கொடுக்கப்போகிறவர் மேல் ஏதாவது ஒரு கோர்ட்டு 'குற்றவாளி' என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறதா? உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காலையில் பயிற்சி கொடுக்கிறாரே மாஸ்டர், அவர் போன ஊரைவிட்டு ஏன் கிளம்பினார்? தெரியுமா?

தெரியாது. ஏனென்றால் யாரும் கேட்பதில்லை.

தென்காசி, பாவூர்சத்திரம், சுரண்டை, ஆலங்குளம் வட்டாரத்தில் மின்னொளிக் கபடி நடக்கும் களத்துக்கு வந்து பாருங்கள். 65 கிலோ எடைப்பிரிவு என்றால் பையன் எடை மெஷினில் ஏறி நிற்பான். கால் கிலோ கூடிவிட்டால் போச்சு. சட்டையைக் கழற்று, மைதானத்தை நாலு சுற்று ஓடிவிட்டு வா, மறுபடி ஏறு. ஆதார் நகலில் பிறந்த தேதியை டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். எதிரணி 'அவன் வெளியூர்க்காரன்' என்று கிளப்பிவிட்டால் நடுராத்திரி வரை பஞ்சாயத்து ஓடும். கால் கிலோவுக்கு இவ்வளவு கறார் காட்டுகிற அதே கமிட்டி, 'கெஸ்ட்' ஆட வந்த ரைடரிடம் வழக்கு விவரம் ஒரு வார்த்தை கேட்காது. கேட்டால் மரியாதைக் குறைவாம்.

நம் பக்கத்து ஆபத்து என்னவென்றால், இங்கே வழக்கு என்பது சில பேருக்கு வெட்கமில்லை, விளம்பரம். ஜெயிலிலிருந்து வெளியே வந்த அன்றைக்கே 'சிறை மீண்ட சிங்கமே' என்று ஃப்ளெக்ஸ் அடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அந்த ஃப்ளெக்ஸில் ஒரு பக்கம் சாதித் தலைவர் படம், மறுபக்கம் நடிகர் படம், நடுவில் நம்ம ஆள் மீசையை முறுக்கிக்கொண்டு. கீழே இருபது பையன்களின் ஸ்டாம்ப் சைஸ் முகங்கள், அதில் பாதிப் பேர் இன்னும் பிளஸ் டூ முடிக்காதவர்கள். விளையாட்டுத் திறமையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். இந்தச் சாதி வீம்பு எங்கே கொண்டுபோய் விடும்? 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் தேர்வு எழுதப் போன பிளஸ் ஒன் மாணவனைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கை விரல்களை வெட்டினார்கள். கபடியில் ஜெயித்ததுதான் காரணம் என்று அவன் வீட்டார் சொன்னார்கள். அதற்கு முந்தைய வருஷம்தான், சாதி வெறியில் பள்ளி மாணவன் வெட்டப்பட்ட நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பிள்ளைகள் கையில் சாதிக் கயிறு கூடாது என்று அறிக்கை கொடுத்திருந்தது. கயிற்றை அவிழ்க்கச் சொன்னால் போதுமா? வெட்டுக் கேசில் தண்டனை வாங்கினவனுக்குக் கொடை மேடையில் சால்வை போட்டால் அந்தப் பிள்ளைகள் எதைப் படிப்பார்கள்?

வாலிபால்காரர்களுக்கு ஒரு சேதி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஈஃபில் கோபுரத்தடியில் பீச் வாலிபால் நடந்தது. நெதர்லாந்து அணியில் ஸ்டீவன் வான் டெ வெல்டே என்று ஒருவர். 12 வயதுச் சிறுமியைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்காக 2016இல் இங்கிலாந்து நீதிமன்றம் 4 ஆண்டு தண்டனை கொடுத்தது. முழுக்காலமும் உள்ளே இருக்கவில்லை. சுமார் ஒரு வருஷத்தில் வெளியே வந்தார், மறுபடி ஆட ஆரம்பித்தார். பாரிஸில் பெயரை வாசித்ததும் கூட்டம் ஊளையிட்டது. அவரை ஒலிம்பிக் கிராமத்தில் தங்க வைக்கவில்லை, பத்திரிகைக்காரர்கள் பக்கமும் விடவில்லை. இவ்வளவு ஒளித்துவைக்க வேண்டிய ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவானேன்? 'தகுதி பெற்றுவிட்டார்' என்பதுதான் பதில். ஆட்டத்துக்கான விதிப் புத்தகம் கையில் இருந்தது. ஆளைத் தடுக்கிற விதி ஒன்றுமில்லை. நம்ம ஊரிலும் அதே கதைதான்.

இனி அவசரக்காரர்களுக்கு. எஃப்.ஐ.ஆர். போட்டாலே குற்றவாளி என்று குதிக்கிறவர்களும், ஜாமீன் கிடைத்தாலே நிரபராதி என்று வெடி போடுகிறவர்களும் இதைப் படித்துவிட்டு உட்காருங்கள்.

எஃப்.ஐ.ஆர். என்பது புகார் பதிவு, அவ்வளவுதான். இலங்கை வீரர் தனுஷ்க குணதிலக 2022 நவம்பரில் உலகக் கோப்பைக்குப் போன இடத்தில், சிட்னியில் பாலியல் வழக்கில் கைதானார். இலங்கை கிரிக்கெட் வாரியம் உடனே அவரை நிறுத்திவைத்தது. 2023 செப்டம்பரில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் விடுதலை செய்தது. வாரியம் அடுத்த மாதமே தடையை நீக்கியது. வாரியம் செய்தது சரி என்பேன். நிறுத்திவைப்பது தண்டனை இல்லை, தீர்ப்பு வருகிறவரை ஒதுங்கி இரு என்கிற ஏற்பாடு.

தீர்ப்பு வந்த பிறகும் கதை திரும்பலாம். நேபாளத்து சந்தீப் லாமிச்சானேவுக்கு 2024 ஜனவரியில் 8 ஆண்டு சிறை, அதே வருஷம் மே மாதம் மேல் நீதிமன்றத்தில் விடுதலை. வேல்ஸ் கால்பந்து வீரர் செட் எவன்ஸ் 2012இல் தண்டனை பெற்று, உள்ளே இருந்து, 2014இல் வெளியே வந்தார். பழைய கிளப் ஷெஃபீல்டு யுனைடெட் பயிற்சிக்கு மட்டும் வரச் சொன்னது. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். ஒலிம்பிக் தங்கம் வென்ற ஜெசிகா என்னிஸ் ஹில், அவரைச் சேர்த்தால் மைதானத்தில் இருக்கும் என் பெயர்ப்பலகையைக் கழற்றிவிடுங்கள் என்றார். கிளப் பின்வாங்கியது. 2016இல் அந்தத் தீர்ப்பே ரத்தாகி, மறுவிசாரணையில் எவன்ஸ் விடுதலை! அப்படியானால் 2014இல் கையெழுத்துப் போட்டவர்கள் தப்பு செய்தார்களா? இல்லை. அன்றைக்குத் தீர்ப்பு நின்றுகொண்டிருந்தது. எந்தத் தேதியில் என்ன தீர்ப்பு நிற்கிறதோ அதை வைத்துத்தான் கிளப் நடக்க முடியும். தீர்ப்பு மாறினால் கிளப்பும் மாறவேண்டும், அதையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டித்தான் செய்யவேண்டும்.

நம்ம ஊர்ப் பேச்சில் பெரிய குழப்பம் இந்த ஜாமீன். "ஜாமீன்ல வந்துட்டாம்லா, அப்ப கேஸ் ஒண்ணுமில்லன்னுதான அர்த்தம்?" இல்லை தம்பி. தண்டனைக்குப் பிறகு ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டு ஜாமீன் வாங்கினால், உள்ளே இருக்கவேண்டாம் என்று மட்டும்தான் அர்த்தம். குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கும். அந்தத் தீர்ப்பையே நிறுத்திவைப்பது தனி உத்தரவு, அது லேசில் கிடைக்காது. கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்துவுக்கு 2007இல் உச்ச நீதிமன்றம் அதைக் கொடுத்தது, தேர்தலில் நின்றார். 1988இல் பாட்டியாலாவில் வண்டி நிறுத்தும் தகராறில் ஒரு முதியவர் இறந்த வழக்கு அது. கீழ்க்கோர்ட்டில் விடுதலை, ஹைகோர்ட்டில் 3 ஆண்டு, 2018இல் ஆயிரம் ரூபாய் அபராதத்தோடு சரி என்றாகி, 2022இல் மறுசீராய்வில் ஓராண்டுக் கடுங்காவல். 34 வருஷம்! அந்த வருஷங்களுக்குள் டெஸ்ட் ஆடினார், வர்ணனை செய்தார், டி.வி.யில் சிரித்தார், மந்திரியானார். இறந்தவர் குடும்பம் அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தது.

இனி ரசிகக் கண்மணிகள். உங்கள் செல்போன்தான் உங்களுக்கு வில்லன். தலைவனைக் காப்பாற்றுகிறேன் என்று வாட்ஸ்அப் குரூப்பில் புகார் கொடுத்த பெண்ணின் பெயர், படம், ஊர், வேலை பார்க்கும் இடம் எதையாவது போட்டீர்களோ, நீங்களும் குற்றவாளி. பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை. பாதிக்கப்பட்டது 18 வயதுக்குக் கீழே என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் சேரும். 'ஃபார்வர்டுதான் பண்ணினேன்' என்பது தப்பிக்க வழி இல்லை. எவன்ஸ் வழக்கில் அப்படிப் பெயரை வெளியிட்ட 9 பேர் கோர்ட்டில் நின்று ஆளுக்கு 624 பவுண்டு கட்டினார்கள். எவன்ஸ் பின்னால் விடுதலையானார் என்பதால் அவர்கள் செய்தது சரியாகிவிடவில்லை. சாட்சி சொல்ல வருகிறவர் வீட்டு வாசலில் பைக்கை உறுமவிடுகிற வீரர்களும் கவனியுங்கள், சாட்சியை மிரட்டுவது தனி வழக்கு.

கைதட்டுவது குற்றமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தண்டனையைத் தியாகமாக்கும் வித்தையில் தமிழ்நாட்டு ரசிகர்களான நமக்குப் பழக்கம் உண்டு. சூதாட்ட விவகாரத்தில் 2015 ஜூலையில் லோதா குழு சென்னை சூப்பர் கிங்ஸை 2 வருஷம் ஒதுக்கிவைத்தது. நாம் அதை ராமர் போன வனவாசம் மாதிரி கொண்டாடி, 2018இல் விசிலடித்து வரவேற்றோம். அது கிரிமினல் தண்டனை இல்லை, ஆடியவர்கள் தப்பு செய்ததாகவும் தீர்ப்பு இல்லை. சரி, போகட்டும். அதே பழக்கத்தை ஒரு பெண்ணை நாசம் செய்தவன் விஷயத்தில் காட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இப்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிற இடம்: பிள்ளைகள். 2021 மே மாதம் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர் போக்சோவில் கைதானார். 2025 ஜனவரியில் மலைக்கு அந்தப் பக்கம், பத்தனம்திட்டாவில், ஒரு தடகள வீராங்கனை கொடுத்த புகாரில் 60 பேருக்கு மேல் பெயர் வந்தது, விளையாட்டுப் பயிற்சி கொடுத்தவர்களும் அதில் உண்டு. ஆரியங்காவு கணவாய் வழியாகப் போய்விடுகிற தூரம்தான். குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் பக்கத்து மாவட்டத்துப் பிள்ளைகளைக்கூட 'கேம்ப்' என்று கூட்டிவருகிறார்கள். காலையில் ஓட்டம், பிறகு ஐந்தருவியில் குளியல், ராத்திரி லாட்ஜ். பெற்றோரே, எந்த லாட்ஜ், ஒரு அறையில் எத்தனை பேர், அறைச் சாவி யார் கையில், பெண் பிள்ளைகளோடு பொம்பளை மேனேஜர் உண்டா என்று கேட்டீர்களா? பெண்கள் போகும் தேசிய அணிகளோடு பெண் பயிற்சியாளர் கட்டாயம் என்று இந்திய விளையாட்டு ஆணையமே 2022இல் உத்தரவு போட்டது, அதுவும் வெளிநாட்டில் ஒரு சைக்கிள் வீராங்கனை புகார் சொன்ன பிறகு.

கிளப் நிர்வாகிகளே, கவனம். பிள்ளை மேல் கை வைத்த சேதி காதுக்கு வந்தால் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்க உங்களுக்கு அதிகாரம் கிடையாது. போக்சோ 19ஆம் பிரிவுப்படி போலீஸில் சொல்லியே ஆகவேண்டும். தன் கீழ் வேலை பார்க்கிறவர் செய்த குற்றத்தை மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு 21ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை. 'மாஸ்டரை அனுப்பிட்டோம், பிரச்சினை முடிஞ்சிது' என்றால் முடியவில்லை, அடுத்த ஊருக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அழைக்க வேண்டிய எண் 1098.

விசாரிப்பது எப்படி? பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியப் பட்டியல் 2018இலிருந்து இருக்கிறது, ஆனால் போலீஸ் மட்டும்தான் பார்க்கலாம். ஆகவே பயிற்சியாளரைப் போலீஸ் வெரிஃபிகேஷன் சான்று வாங்கிவரச் சொல்லுங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம், ஆனால் நம்மூரில் ஒரே பெயரில் நாற்பது முருகன் இருப்பார்கள். தகப்பனார் பெயர், வயது பார்க்காமல் எவன் தலையிலும் கட்டிவிடாதீர்கள். 18 வயதுக்கு முன் சிறார் வாரியத்தில் முடிந்த விஷயத்தைத் தோண்டவே வேண்டாம், அது ஒருவனைப் பின்தொடரக் கூடாது என்பதுதான் சிறார் நீதிச் சட்டம்.

தண்டனையை அனுபவித்து முடித்தவன்? அவனுக்கும் வயிறு உண்டு. பாகிஸ்தான் பௌலர் முகமது ஆமிர் 18 வயதில் காசு வாங்கி நோ பால் போட்டார், 2011இல் லண்டன் கோர்ட்டு 6 மாதம் போட்டது, ஐந்து வருஷத் தடையும் கழிந்து திரும்பினார். 2017 சாம்பியன்ஸ் டிராபி இறுதியில் நம்ம ரோகித், தவான், கோலி மூவரையும் அவர்தான் எடுத்தார், எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஆட வந்தது நியாயம். குடித்துவிட்டுக் கைகலப்பில் உள்ளே போய்வந்த நம்மூர் கேட்சரையும் ஆட விடுங்கள், அந்தக் களம்தான் அவனைக் குடிக்காமல் வைத்திருக்கும். ஆடுவது வேறு, மேடையேறி மாலை வாங்குவது வேறு, பிள்ளைகளைக் கையில் ஒப்படைப்பது முற்றிலும் வேறு. முதலாவதைப் பெருந்தன்மையாகக் கொடுக்கலாம், இரண்டாவதை யோசித்துக் கொடுங்கள். பிள்ளைகள் மேல் குற்றம் செய்தவனுக்கு மூன்றாவது எந்தக் காலத்திலும் கிடையாது, அவன் அர்ஜுனா விருது வாங்கியிருந்தாலும்.

இந்த விதியை ஆள் பெயர் தெரிவதற்கு முன்னாலேயே எழுதிவிட வேண்டும். பெயர் தெரிந்துவிட்டால் 'நம்ம பய', 'அவங்க பய' என்றுதான் கமிட்டி பிரியும். எழுத மனசில்லாத கமிட்டிகளை எழுத வைக்கிற சக்தி நகைக்கடை, ஜவுளிக்கடை, ரைஸ் மில் முதலாளிமார் கையில் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் ரெய்த் ரோவர்ஸ் கிளப் 2022 தொடக்கத்தில் டேவிட் குட்வில்லியைச் சேர்த்தது. வன்புணர்வு செய்தவர் என்று ஒரு சிவில் வழக்கில் ஏற்கெனவே தீர்ப்பானவர். பனியனுக்குப் பணம் கொடுத்த எழுத்தாளர் வால் மெக்டெர்மிட் உடனே ஆதரவை வாபஸ் வாங்கினார், பெண்கள் அணித் தலைவி விலகினார். கிளப் சில நாளில் மன்னிப்புக் கேட்டு, அவர் இனி ஆடமாட்டார் என்று அறிவித்தது. ஆகவே முதலாளிமாரே, முதல் பரிசுக்கு இருபத்தைந்தாயிரம் என்று ரசீது போடும்போதே கேட்டுவிடுங்கள்: "மேடையில யார் யார் ஏறுறாங்க அண்ணாச்சி? பிள்ளைகளுக்குப் பயிற்சி யாரு?" பதில் வந்த பிறகு பணத்தை எண்ணினால் போதும்.