சுவருக்குள் மறைந்திருக்கும் கறையான்

கறையான் பெரும்பாலும் வெளிச்சத்திற்கு வருவதில்லை. மரத்தின் மேற்பரப்பை மெல்லிய தோல்போல் விட்டுவைத்து, உட்புறத்தையே அரித்துத் தின்னும். நாம் அறியும்போது உத்திரம் வெறுங்கூடாகியிருக்கும்.

1800ஆம் ஆண்டில் வானியலறிஞர் வில்லியம் ஹேர்ஷல், ஞாயிற்றின் ஒளியை அரியத்தாற் பிரித்து, சிவப்புக்கு அப்பாலும் வெப்பந்தரும் கதிர் உண்டென்று வெப்பமானி கொண்டு கண்டார். கண்ணுக்குப் புலனாகாத அந்தச் செந்நிறக்கீழ்க் கதிரையே இன்றைய வெப்பப்படக் கருவி படமாக்குகின்றது. அவுஸ்திரேலியாவில் வீடுகளைச் சோதிப்போர் கறையானைத் தேட இதனைக் கையாளுகின்றனர்.

பல்லாயிரம் கறையான்கள் ஒருங்கே வாழும் கூடு வெப்பத்தை உண்டாக்கும்; அவை சேர்க்கும் ஈரமும் சுவரின் வெப்பநிலையை மாற்றும். இவ்வேறுபாடு படத்தில் நிறவேறுபாடாய்த் தோன்றும்.

ஆயினும் இக்கருவி சுவரை ஊடுருவிப் பார்ப்பதன்று. மேற்பரப்பின் வெப்பத்தையே காட்டுவது. ஒழுகும் நீர்க்குழாயும் அதே தோற்றந் தரலாம். சிறு கூட்டம் தோன்றாமலும் போகலாம். ஆதலின், மரத்தைத் தட்டிப் பார்த்தும் ஈரத்தை அளந்தும் உறுதிசெய்த பின்னரே மருந்திடல் வேண்டும். கருவி இடத்தைச் சுட்டும். தீர்ப்பை நாமே ஆராய்ந்து கூறல் வேண்டும்.