வலிக்குது, வலிக்குது!
சோற்றில் கலந்த நஞ்சும் ஜப்பான் உழவர்கள் பெற்ற நீதியும்



சில மாதங்களுக்கு முன் ஒரு செம்பனைத் தோட்டத்தில் சங்கக் கூட்டம் முடிந்து புறப்படும் நேரம். உரம் போடும் வேலை பார்க்கிற அக்கா ஒருவர் என்னை நிறுத்தினார். "தம்பி, இடுப்பு வலி தாங்க முடியல. எங்க கூட்டத்துல நாலு பேருக்கு இதே வலிதான். கிளினிக்குல கேட்டா, வயசாயிருச்சு, அப்படித்தான் இருக்கும்னு ரெண்டு மாத்திரையக் கொடுத்து அனுப்பிடுறாங்க" என்றார்.

அந்த வலிக்குக் காரணம் சொல்ல நான் டாக்டர் இல்லை. மூட்டை சுமந்ததால் வந்திருக்கலாம், வேறு எதனாலும் வந்திருக்கலாம். ஆனால் "நாலு பேருக்கு இதே வலி" என்ற அந்தச் சொல் என் மனத்தை விட்டுப் போகவில்லை. ஜப்பான் நாட்டில், தாங்கள் விளைவித்த அரிசியைச் சாப்பிட்டே எலும்பு முறிந்துபோன பெண்களின் கதை நினைவுக்கு வந்தது. சோறு தின்னும் நாம் எல்லாரும் அறிந்துகொள்ள வேண்டிய கதை அது.

ஆற்றில் வந்த நஞ்சு

ஜப்பானில் தொயாமா என்று ஒரு மாநிலம். அங்கே ஜின்சு என்ற ஆறு பாய்கிறது. அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் மக்கள் குடித்தார்கள், வயலுக்கும் பாய்ச்சினார்கள். ஆற்றின் மேற்பகுதியில் மலைப் பக்கம் கமியோக்கா சுரங்கம் இருந்தது. மித்சுயி கம்பெனிக்குச் சொந்தமானது. துத்தநாகமும் ஈயமும் வெட்டி எடுத்தார்கள். துத்தநாகத்தோடு காட்மியம் என்ற நச்சு உலோகமும் சேர்ந்தே வரும். வேண்டாத கழிவு ஆற்றில் கலந்தது. ஆறு அதை வயலில் சேர்த்தது. வயல் மண்ணில் படிந்த காட்மியத்தை நெற்பயிர் வேர் வழியாக உறிஞ்சி மணியில் சேர்த்துக்கொண்டது.

இதில் கொடுமை என்னவென்றால், நஞ்சு ஏறிய அரிசியைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நிறம் மாறாது, வாசம் வராது, ருசியும் கெடாது. கழுவினாலும் வேகவைத்தாலும் காட்மியம் போய்விடாது. அது மண்ணைப் போல மேலே ஒட்டியிருப்பதல்ல; மணிக்குள்ளேயே இருப்பது.

இருமினால் எலும்பு முறியும்

உடம்புக்குள் போன காட்மியம் சிறுநீரகத்தில் தங்குகிறது. பத்து, இருபது ஆண்டுகள் ஆனாலும் எளிதில் வெளியேறாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. உடம்புக்கு வேண்டிய சத்துகள் சிறுநீரில் வீணாகிப் போகின்றன. எலும்பு மெதுவாகிறது. பிறகு வளைகிறது, முறிகிறது.

ஜின்சு ஆற்றங்கரையில் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் பிள்ளை பெற்ற, நடுத்தர வயதைத் தாண்டிய உழவர் குடும்பத்துப் பெண்கள். முதலில் இடுப்பிலும் தொடையிலும் வலி. பிறகு வாத்துப் போல அசைந்து அசைந்து நடை. கடைசியில் படுக்கை. இருமினாலே விலா எலும்பு முறிந்தது. உடம்பு குறுகி உயரம் குறைந்தது. அவர்கள் ஓயாமல் சொன்ன வார்த்தை "இத்தாய், இத்தாய்". "வலிக்குது, வலிக்குது" என்று அர்த்தம். 1955-இல் பத்திரிகையில் செய்தி வந்தபோது அந்த அலறலே நோயின் பெயராகிவிட்டது.

கர்ம வினை என்றார்கள்

ஆரம்பத்தில் ஊர் என்ன சொன்னது தெரியுமா? பூர்வ ஜென்மப் பாவம், கர்ம வினை என்றது. நமக்கும் பழக்கமான பேச்சுதானே இது! வேறு சிலர், வேலை அதிகம், சாப்பாட்டில் சத்து இல்லை என்றார்கள்.

உள்ளூர் மருத்துவர் நொபோரு ஹகினோ 1946-இல் போர்முனையிலிருந்து ஊர் திரும்பி இந்த நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். அவரும் முதலில் உழைப்பும் சத்துக் குறைவுமே காரணம் என்று நினைத்தவர்தான். பிறகு ஒரு வேலை செய்தார். நோயாளிகளின் வீடுகளை ஒரு வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் குறித்தார். புள்ளிகள் எல்லாம் ஜின்சு ஆற்றுத் தண்ணீர் பாயும் பகுதியிலேயே குவிந்து நின்றன! பாவம் ஒரே வாய்க்கால் வழியாகவா பாயும்? சுரங்கத்தின் மேல் அவர் பார்வை போனது. மற்ற ஆய்வாளர்களின் துணையோடு, 1961-இல் காட்மியமே காரணம் என்று வெளியிட்டார்.

பாராட்டா கிடைத்தது? ஏச்சுதான் கிடைத்தது. ஊரிலும் சிலர், "இதை வெளியே சொன்னால் நம் அரிசி விற்காது, நம் ஊருக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள்" என்று பயந்தார்கள். அவர்கள் பயத்தைக் குறை சொல்ல முடியுமா? வயிற்றுப்பாடு அல்லவா!

ஒன்றுபட்டார்கள், வென்றார்கள்

ஆனாலும் நோயாளிகளும் குடும்பத்தாரும் சங்கமாகத் திரண்டார்கள். 1968 மார்ச்சில் கம்பெனி மீது வழக்குப் போட்டார்கள். அதே ஆண்டு மே மாதம், இது காட்மியத்தால் வந்த நோய் என்று ஜப்பான் அரசாங்கமும் ஒப்புக்கொண்டது. 1971 ஜூனில் தொயாமா நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. கம்பெனி அப்பீல் செய்தது. 1972 ஆகஸ்டில் அதுவும் தள்ளுபடியானது.

மறுநாளே மக்கள் கம்பெனியின் தலைமையகத்தில் போய் உட்கார்ந்தார்கள். நஷ்டஈட்டோடு அவர்கள் திருப்தியடையவில்லை. வயல் மண்ணைச் சுத்தம் செய்து தர வேண்டும் என்றார்கள். விஞ்ஞானிகளோடு நாங்களே சுரங்கத்துக்குள் வந்து சோதனை செய்வோம், செலவு உங்களுடையது என்றார்கள். எழுத்தில் கையெழுத்தும் வாங்கினார்கள்! மண்ணைச் சீர்செய்யும் வேலை 1979-இல் தொடங்கி 2012-இல்தான் முடிந்தது. சுமார் 2,100 ஏக்கர் நிலம். 33 ஆண்டு வேலை. நஞ்சைக் கொட்டுவது சுலபம், அள்ளுவதற்கு ஒரு தலைமுறை வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

நமக்கு என்ன பாடம்?

நம் வீட்டு அரிசியைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். சுரங்கக் கழிவு பல ஆண்டுகள் பாய்ந்த வயலில் நடந்த கதை இது. இன்று தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 0.4 மில்லிகிராமுக்கு மேல் காட்மியம் இருக்கக் கூடாது என்று அனைத்துலக உணவுத் தர விதி இருக்கிறது. ஆனால் சில விஷயங்களில் நாம் கவனமாக இருக்கலாம்.

ஆலைக் கழிவுநீர் ஓடும் கால்வாய் ஓரத்திலும், பழைய பேட்டரி உடைத்த இடத்திலும் கீரை, காய்கறி போடாதீர்கள். உர டின்னிலும் மருந்து டின்னிலும் அரிசியோ தண்ணீரோ வைக்காதீர்கள். இரத்தச் சோகை உள்ள உடம்பு காட்மியத்தை அதிகமாக உறிஞ்சும். ஆகவே நம் பெண்கள் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. சிகரெட் புகையிலும் காட்மியம் உண்டு என்பதை ஆண்கள் மறக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வலியைக் கணக்கெடுங்கள். நம் நாட்டின் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும். தொழிலாளர் பிரதிநிதிகளும் அதில் உண்டு. உங்கள் தோட்டத்தில் அந்தக் குழு இருக்கிறதா? கடைசியாக எப்போது கூடியது? கேளுங்கள்!

அந்த அக்காவிடம் நான் ஒன்றுதான் சொன்னேன். "ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கக்கா. யாருக்கு வலி, என்னைக்கு ஆரம்பிச்சது, என்ன வேலை, எதைக் கையில தொட்டாங்க, எல்லாத்தையும் எழுதி வையுங்க. எழுதத் தெரியலன்னா பள்ளிக்கூடம் போற பிள்ளைய விட்டு எழுதச் சொல்லுங்க."

ஒருவர் வலியை விதி என்று சொல்லித் தள்ளிவிடலாம். நாற்பது பேர் வலியைப் பெயரோடும் தேதியோடும் மேசை மேல் வைத்தால், யாரும் அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ஜின்சு ஆற்றங்கரைப் பெண்கள் எலும்பு முறிந்து நமக்குச் சொல்லிவிட்டுப் போன பாடம் அதுதான்.

எழுதுவோம்! ஒன்றுகூடிக் கேட்போம்!