இராமேசுவரம்: யாத்திரை வழியும் தொழிலாளர் வழியும்

இந்துக்களின் தலயாத்திரை மரபிலே காசியோடு இணைத்து எண்ணப்படுவது இராமேசுவரம். வடக்கே பாக்கு நீரிணையும் தெற்கே மன்னார் வளைகுடாவும் சூழ்ந்த பாம்பன் தீவில் இத்தலம் அமைந்துள்ளது. அக்கினி தீர்த்தம் எனப்படும் கடலில் நீராடி, கோயிலின் 22 தீர்த்தங்களையும் தலையில் ஏற்று, ஏறத்தாழ 1,200 தூண்கள் நிரைநிரையாய் நிற்கும் மூன்றாம் பிரகாரத்தை வலம்வருதல் யாத்திரிகர் மரபு. சேதுபதிகளின் ஆதரவில் எழுந்த இப்பிரகாரம் 18ஆம் நூற்றாண்டில் முற்றுப்பெற்றது. தலச்சிறப்புக் கூறுவோர் பெரும்பாலும் இவ்வளவில் அமைவர். ஆயின், இலங்கையிலிருந்து இத்தலத்தை நோக்கும் நாம் இதன் பிறிதொரு வரலாற்றையும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். வறுமையாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் நெருக்குண்ட தென்தமிழக மக்கள் இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியேறி மன்னார்ப் பகுதியில் இறங்கி, காட்டுவழியே மாத்தளையை நோக்கி நடந்தனர். நோயினாலும் பசியினாலும் வழியிலேயே மாண்டோர் பலர்.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற்சேவையும் தொடங்கிற்று. பாம்பனிலே புகையிரதப் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று இராமேசுவரம் கோயிலுக்கும், மற்றையது தனுஷ்கோடித் துறைக்கும் சென்றது. தோட்டத் தொழிலாளர் மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமிலே தங்கவைக்கப்பட்டு, மருத்துவச் சோதனைக்குட்பட்ட பின்னரே கப்பலேற்றப்பட்டனர். அவர்களுட் பெருந்தொகையினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். சென்னை மாகாணத்தின் ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல் நிறைவேறும் வரை, இத்தகைய கோயில்களுள் நுழையும் உரிமை சட்டப்படி அவர்களுக்கு உறுதிசெய்யப்பட்டிருக்கவில்லை. பாம்பனிற் பிரிந்த இரு பாதைகளும் சமூகத்தின் பிரிவையே காட்டி நின்றன எனலாம்.

பின்னர் இவ்வழி எதிர்த்திசையிலும் பயன்பட்டது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையக மக்களுட் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்கவும் வகைசெய்தது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர்த் தீர்மானிக்க விடப்பட்டது. அம்மக்களின் விருப்பம் கேட்கப்படாமலே இப்பங்கீடு நிகழ்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. புகையிரதமொன்றும் பயணிகளோடு கடலுள் அமிழ்ந்தது. அதன்பின் கப்பல் வந்தடையும் துறையாக இராமேசுவரமே அமைந்தது. தலைமுறைகளாகத் தேயிலைக்கு உழைத்தோர், தாம் முன்னர்க் கண்டிராத "தாயகத்தில்" வந்திறங்கியது இப்புனிதத் தலத்திலேயாகும். 1983இன் இனவன்செயலை அடுத்துப் படகுகளில் வந்த அகதிகளும் இக்கரைகளையே அடைந்தனர். மண்டபம் அவர்களுக்கும் முகாமாயிற்று. கப்பற்சேவை 1984இல் நின்றுபோயிற்று.

2025 ஏப்பிரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. யாத்திரிகர் மீண்டும் புகையிரதத்திலேயே இராமேசுவரத்தை அடைகின்றனர். தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தையும் புகையிரத நிலையச் சுவர்களையும் கடற்காட்சியின் ஒரு பகுதியாகக் கண்டு மீள்கின்றனர். அவற்றை இயற்கையின் சீற்றத்துக்குச் சான்றாக மட்டும் கொள்வது குறையுடைய நோக்காகும். உழைப்பைத் தேடி ஏற்றிச் சென்றதும், உழைத்தோரை உரிமையின்றித் திருப்பி அனுப்பியதுமான ஒரு பொருளாதார ஒழுங்கின் சான்றுகளும் அவையே. கோயிற் பிரகாரத்தைக் கட்டுவித்த மன்னர் பெயரைத் தலவரலாறு பேணுகின்றது. இவ்வழியே சென்றோரின் வரலாற்றைத் தொகுத்தெழுதுதல் நமது ஆய்வாளரின் கடனாகும்.